தண்ணீர், எண்ணெய், மின்சாரம்: யூத–பாலஸ்தீன அயலவர் முயற்சிகளில் எது தாக்குப்பிடிக்கிறது?

பெத்லகேமைச் சுற்றியுள்ள மலைப்பகுதியில், ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவிலேயே, யூதரையும் பாலஸ்தீனரையும் அயலவராக நெருங்கச் செய்யும் இரண்டு முயற்சிகள் நடந்துவந்திருக்கின்றன. ஒன்று ஊற்றுநீரைப் பற்றிக்கொண்டு தொடங்கியது. மற்றொன்று நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதிலிருந்து தொடங்கியது. வடக்கே இஸ்ரேலின் கலிலேயாவிலும் மேற்குக் கரையின் ஜெனின் வட்டாரத்திலும் ஆலிவ் எண்ணெயை முதலாகக் கொண்டு எழுந்த இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. தெற்கே ஹெப்ரோன் குன்றுகளில் மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் ஒரு பணி நடக்கிறது. தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் இவை அனைத்தையும் நல்லிணக்கப் பணி என்ற ஒரே பெயரில் பாராட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால் ஆக்கிரமிப்பைப் பூசி மெழுகும் வேலை என்று ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு தீர்ப்புகளும் அவசரமானவை. வலுக் குறைந்த அயலவரின் கையில் இம்முயற்சியால் என்ன சேர்கிறது, சேர்ந்ததைப் பறிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால், இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு துலங்கிவிடும்.

அயலவர் என்ற சொல் இங்கே இடத்துக்கு இடம் வேறு நிலையைக் குறிக்கிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். இஸ்ரேலின் மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரான அரபுக் குடிமக்களுக்கு வாக்குரிமை உண்டு. நிலத்திலும் வேலைவாய்ப்பிலும் அவர்கள் பின்தங்கியிருந்தாலும், வழக்குத் தொடுக்கவும் நிறுவனம் பதிவுசெய்யவும் அவர்களால் முடியும். 1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய மேற்குக் கரையில் நிலைமை அப்படி இல்லை. 1995-ஆம் ஆண்டின் இரண்டாம் ஓஸ்லோ உடன்படிக்கை 'சி' பகுதி என்று வகுத்த நிலம் மேற்குக் கரையில் ஏறத்தாழ 60 விழுக்காடு; அங்கே ஒரு கொட்டகை போடுவதானாலும் இஸ்ரேலிய ராணுவ நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், பாலஸ்தீனருக்கு அந்த அனுமதி கிடைப்பது மிக அரிது. ஒரே குன்றின் உச்சியில் குடியேறி வாழும் யூதர் இஸ்ரேலியக் குடிமைச் சட்டத்தின் கீழும், அடிவாரத்தில் வாழும் பாலஸ்தீனர் ராணுவச் சட்டத்தின் கீழும் வருகிறார்கள்.

இஸ்ரேலுக்குள் இயங்கும் கல்வி சார்ந்த முயற்சிகள் மதிப்புக்குரியவை. லத்ரூன் அருகே, டொமினிக்கன் துறவி புரூனோ ஹுஸார் கண்ட கனவிலிருந்து உருவான நெவே ஷாலோம் – வாஹத் அஸ்ஸலாம் என்ற ஊரில் யூதரும் அரபியரும் விரும்பிச் சேர்ந்து வாழ்கிறார்கள். 1984-இல் அங்கே எபிரேயமும் அரபும் கற்பிக்கும் இருமொழிப் பள்ளி தொடங்கியது. 1998 முதல் 'யாத் பெயாத்' (கையோடு கை) பள்ளிகள் அதே வழியில் நடக்கின்றன. 2014 நவம்பரில் எருசலேமில் உள்ள அதன் வகுப்பறை ஒன்றுக்குத் தீ வைக்கப்பட்ட பிறகும் பள்ளி நின்றுவிடவில்லை. ஆயினும் பிழைப்பையும் நிலத்தையும் பற்றிய இந்த ஒப்பீட்டில் அவற்றைச் சேர்த்தால் கணக்குக் குழம்பிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஊற்றுநீரை எடுத்துக்கொண்ட முயற்சி ஈக்கோபீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பினுடையது. 1994-இல் தொடங்கிய இவ்வமைப்புக்கு இஸ்ரேல், பாலஸ்தீனம், ஜோர்தான் ஆகிய மூன்று தரப்புக்கும் தனித்தனி இயக்குநர்கள் உண்டு. 2001-இல், இரண்டாம் இன்திபாதா என்ற பாலஸ்தீன எழுச்சி கொதித்துக்கொண்டிருந்த காலத்தில், 'நல்ல நீர் அயலவர்' என்ற திட்டத்தை 11 ஊர்களுடன் இவ்வமைப்பு ஆரம்பித்தது. எல்லையின் இருபுறமும் ஒரே நீராதாரத்தைப் பகிரும் ஊர்களை இணையாக்குவதும், பள்ளிக் கூரைகளில் மழைநீரைச் சேகரிப்பதும், கழிவுநீர் எங்கிருந்து எங்கே பாய்கிறது என்பதை இருபுறத்துப் பிள்ளைகளும் வரைபடமாக்குவதுமே அதன் நடைமுறை.

அப்படி இணைந்த ஊர்களில் ஒன்று வாதி ஃபூக்கின். 1948 போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டு, 1972-இல் தங்கள் ஊருக்கே திரும்ப அனுமதி பெற்ற மிக அரிய பாலஸ்தீனச் சமூகம் அது. பள்ளத்தாக்கில் ஊற்றுகளும், அவற்றின் நீரைத் தேக்கும் பழைய கல் தொட்டிகளும், கீரையும் காய்கறியும் விளையும் பாத்திகளும் இருக்கின்றன. கிழக்கு மேட்டில் பெய்தார் இல்லித் என்ற யூதக் குடியேற்றம், அதாவது மேற்குக் கரை நிலத்தில் இஸ்ரேலியருக்காக எழுப்பிய ஊர், 60,000-க்கும் மேற்பட்ட மக்களுடன் ஒரு நகரமாகவே வளர்ந்துவிட்டது. அதன் கழிவுநீர் வயல்களில் வழிந்ததாக ஊரார் பலமுறை முறையிட்டிருக்கிறார்கள். மேற்கே, இஸ்ரேலையும் மேற்குக் கரையையும் பிரிக்கும் 1949-ஆம் ஆண்டு எல்லைக்கோட்டுக்கு அப்பால், இஸ்ரேலுக்குள் இருக்கும் ட்ஸுர் ஹதாஸா மக்கள் இந்தப் பள்ளத்தாக்கின் விளைபொருளை வாங்கினார்கள். மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிவரும் பிரிப்புச் சுவர் இங்கே எழக் கூடாது என்று அவர்களில் பலர் கையெழுத்திட்டார்கள். மேட்டில் காங்கிரீட் பரவினால் மழைநீர் மண்ணுக்குள் இறங்காது, ஊற்று வற்றும் என்ற பொதுவான கவலையே அவர்களை ஒன்றுசேர்த்தது. ஒருவரையொருவர் நேசித்தாக வேண்டும் என்ற நிபந்தனை அங்கே யாருக்கும் விதிக்கப்படவில்லை.

அருகிலுள்ள பத்தீர் கிராமத்தின் கதை இன்னும் விரிவானது. அங்கே எட்டுக் குடும்பக் குழுக்கள் முறை வைத்து நீர் பாய்ச்சுகின்றன. குளத்தில் தேங்கிய நீரின் ஆழத்தைக் குறியிட்ட ஒரு குச்சியால் அளந்து, அன்றைய முறைக்காரருக்கு உரிய பங்கைத் திறந்துவிடுகிறார்கள். அதனால் அந்த ஊரின் பாசன வாரத்துக்கு எட்டு நாள். இந்தப் படிக்கட்டு வயல்களின் நடுவே பிரிப்புச் சுவரை எழுப்பும் திட்டத்தை எதிர்த்து ஊராட்சியும் ஈக்கோபீஸும் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றபோது, இஸ்ரேல் அரசின் இயற்கை மற்றும் பூங்காக்கள் ஆணையமே சுவருக்கு எதிரான கருத்தை வழங்கியது. 2014-இல் யுனெஸ்கோ பத்தீரை ஆபத்திலிருக்கும் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. 2015 ஜனவரியில், அப்போதைக்குச் சுவர் கட்டுவதில்லை என்ற நிலையில் வழக்கு முடிந்தது. ஓர் அரசுத் துறையை அதன் அரசுக்கே எதிராகச் சாட்சி சொல்ல வைத்த இந்த வெற்றி எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அந்த வெற்றியின் எல்லையையும் மறைக்கக் கூடாது. 2024 ஆகஸ்டில் இஸ்ரேல் அரசு, நஹல் ஹெலெட்ஸ் என்ற புதிய குடியேற்றத்துக்குப் பத்தீரின் நிலப்பரப்பில், உலகப் பாரம்பரியப் பகுதிக்குள்ளேயே, ஒப்புதல் வழங்கியது. நீதிமன்றம் ஒரு வாசலை மூடினால் அமைச்சரவை வேறொரு வாசலைத் திறந்துவிடுகிறது.

இதே மலையின் தெற்கே, குஷ் எட்ஸியோன் குடியேற்றத் தொகுதியின் சாலைச் சந்திப்புக்கு அருகில், பாலஸ்தீனக் குடும்பம் ஒன்றின் சொந்த நிலத்தில் 2014-இல் தொடங்கியது 'வேர்கள்' அமைப்பு. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த அலி அபு அவ்வாத் முதல் இன்திபாதாவில் சிறை சென்றவர். தாயைப் பார்க்க அனுமதி கேட்டு 17 நாள் உண்ணாவிரதம் இருந்து அதைப் பெற்றதே தன்னை அறவழிக்குத் திருப்பியது என்று சொல்பவர். இரண்டாம் இன்திபாதாவில் அண்ணனை இஸ்ரேலிய ராணுவத்தினரின் குண்டுக்குப் பறிகொடுத்தவர். 2023-ஆம் ஆண்டுக்கான இந்திரா காந்தி அமைதிப் பரிசு இவருக்கும் இசைக் கலைஞர் டேனியல் பாரன்பாய்முக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. ரபி (யூத மதகுரு) ஹனான் ஷ்லெசிங்கர் போன்ற குடியேறிகள் இவருடன் சேர்ந்தார்கள். உரையாடல் கூட்டங்கள், பெண்கள் குழு, பிள்ளைகளுக்கான கோடை முகாம் ஆகியவை அங்கே நடக்கின்றன.

இந்த இரண்டில் 'வேர்கள்' செய்வது கடினமான வேலை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஈக்கோபீஸ் இணைத்த யூதர்களில் பலர் எல்லைக்கோட்டுக்கு உட்பட்ட இஸ்ரேலில், ஏற்கெனவே மனம் இளகியிருந்தவர்கள்; 'வேர்கள்' அழைப்பதோ, பாலஸ்தீனரைக் கட்டடத் தொழிலாளியாகவும் சந்தேகத்துக்குரியவராகவும் மட்டுமே பார்த்துப் பழகிய குடியேறிகளை. அவர்களில் ஒருவர் முதன்முறையாக ஒரு பாலஸ்தீனரின் நிலத்தில் விருந்தாளியாக நுழைகிறார் என்பதே அங்கே சிறு காரியமன்று. இருந்தாலும், பேசி முடித்து எழுந்த பிறகு ஒருவர் தம் குடியேற்றத்தின் வாயிற்கதவுக்குள் காரில் போய்விடுகிறார், மற்றவர் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கிறார். குடியேற்றங்களைப் பற்றிய முடிவை ஒத்திவைத்துவிட்டு நடக்கும் உரையாடல், நடப்பு நிலையை இயல்பாக்கிவிடுகிறது என்று பாலஸ்தீனரில் பலர் கூறும் குற்றச்சாட்டில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். நீர்ப் பங்கீட்டுத் திட்டம் தோற்றாலும் மழைநீர்த் தொட்டியும் நீதிமன்ற ஆவணமும் மிஞ்சுகின்றன. உரையாடல் தோற்கும்போது, அதில் கலந்துகொண்ட பாலஸ்தீனருக்குத் தம் ஊராரின் கசப்பே எஞ்சுகிறது. ஆகவே இரண்டில் ஒன்றுக்கே ஆதரவளிக்க முடியும் என்றால் என் தேர்வு நீர்தான்.

எண்ணெய் விஷயத்தில் தேர்வு இவ்வளவு எளிதாக இல்லை. விவிலியத்தின் கானா ஊர் என்று மரபாகக் கருதப்படும் கஃபர் கன்னாவில் இயங்குகிறது சிந்தியானா. 1996 முதல் யூத, அரபுப் பெண்கள் சேர்ந்து நடத்தும் இந்த நியாய வணிக அமைப்பு, அரபு விவசாயிகளின் ஆலிவ் எண்ணெயையும் சாத்தர் மூலிகைக் கலவையையும் வாங்கி உலகச் சந்தையில் விற்கிறது. கிடைக்கும் லாபம் அரபுப் பெண்களின் பயிற்சிக்கும் வேலைவாய்ப்புக்கும் போகிறது. அங்கே கூடை முடையவும் எண்ணெய் நிரப்பவும் வரும் பெண்களில் பலருக்கு, வீட்டுக்கு வெளியே கிடைத்த முதல் சம்பளமே அதுதான். இஸ்ரேலின் வடபகுதியிலுள்ள வாதி ஆராவில் பாசன வசதியுடன் ஆலிவ் தோப்பு வைத்தது, மழையை மட்டும் நம்பிய அரபு விவசாயத்துக்கு உண்மையான முன்னேற்றம்.

இதற்கு மாற்றாக நிற்பது கனான் நியாய வணிக நிறுவனம். மானிடவியலாளர் நாஸர் அபுஃபர்ஹா 2004-இல் ஜெனின் அருகே புர்க்கீனில் அதை நிறுவினார். இதில் யூதக் கூட்டாளி எவரும் இல்லை. இரண்டாம் இன்திபாதாவில் சாலைகள் அடைபட்டு எண்ணெய் விலை சரிந்த பிறகு, சிறு விவசாயிகளைக் கிராமக் கூட்டுறவுகளாகத் திரட்டி, இயற்கை வேளாண் சான்றிதழ் பெற்றுத் தந்து, முன்கூட்டியே உறுதிசெய்த நியாய விலைக்கு வாங்குவது அதன் முறை. பாலஸ்தீனரின் கைத்தொழில் முன்னேற யூதர் ஒருவர் உடன் நிற்பது கட்டாயமா என்ற கேள்வியை, வாயால் கேட்காமலே, அது எழுப்பிவிடுகிறது. வெளிநாட்டு நன்கொடையாளர்களில் சிலர் கூட்டு முயற்சி என்ற பெயருக்குத்தான் பணம் தருகிறார்கள் என்ற நிலையில், இந்தக் கேள்விக்குப் பெரிய நியாயம் இருக்கிறது.

வருமானத்தை மட்டும் பார்த்தால் கனான் முந்திவிடும். ஆயிரத்துக்கு மேற்பட்ட விவசாயிகள், உடைமை பாலஸ்தீனர் கையில். ஆனால் அந்த எண்ணெய் கப்பலேற இஸ்ரேலியத் துறைமுகத்தைத்தான் அடைய வேண்டும். குடியேற்றங்களை ஒட்டிய தோப்புகளில் காய் பறிக்க ராணுவம் ஒதுக்கும் சில நாள்களுக்குக் காத்திருக்க வேண்டும். 2023 அக்டோபரில் ஹமாஸ் தாக்குதலுடன் காஸா போர் மூண்ட பிறகான அறுவடையில் எத்தனையோ குடும்பங்கள் தம் மரங்களை நெருங்கவே முடியவில்லை. இந்த இடத்தில்தான் யூத அயலவரின் பங்கு வேறு உருவில் தேவைப்படுகிறது: மனித உரிமைகளுக்கான ரபிகள் அமைப்பின் தொண்டர்கள் அறுவடைக்கு உடன் சென்று நின்றார்கள்; அவர்களும் பிறரும் தொடுத்த வழக்கில், விவசாயி தன் நிலத்தை அடைவதைப் பாதுகாப்பது ராணுவத்தின் கடமை என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடைமை பாலஸ்தீனரிடமும் காவல் துணை யூதரிடமும் இருக்கும் இந்த அமைப்பு, கூட்டு நிறுவனத்தைவிட எனக்கு நேர்மையாகப் படுகிறது. சிந்தியானாவோ இஸ்ரேலின் குடிமக்களிடையே இயங்குவது, அங்கே சம பங்காளிகளாக உட்கார முடியும் என்பதால் அதன் கூட்டு வடிவம் பொருந்திவருகிறது. அமெரிக்காவின் டாக்டர் ப்ரானர்ஸ் சோப்பு நிறுவனம் தனக்கு வேண்டிய எண்ணெயின் பெரும்பகுதியைக் கனானிடமும் ஒரு பகுதியைச் சிந்தியானாவிடமும் வாங்கியிருப்பது, வாங்குபவர் இரண்டையும் பகைவராக்க வேண்டியதில்லை என்பதற்கு நல்ல முன்மாதிரி.

வேலைவாய்ப்பே பெரிய நல்லிணக்கம் என்று வாதிடுபவர்கள், மேற்குக் கரைக் குடியேற்றப் பகுதியின் மிஷோர் அதுமிம் தொழிற்பேட்டையில் இருந்த, சோடா தயாரிக்கும் கருவிகளைச் செய்யும் சோடாஸ்ட்ரீம் ஆலையைக் காட்டுவார்கள். ஏறத்தாழ 500 பாலஸ்தீனர் அங்கே யூதருடன் ஒரே இடத்தில் வேலை செய்து, ஒரே சம்பள விகிதம் பெற்றார்கள் என்று நிறுவனம் சொன்னது. 2015-இல் ஆலை இஸ்ரேலுக்குள் உள்ள நெகேவ் பகுதிக்கு மாறியது. எஞ்சியிருந்த 74 பாலஸ்தீனரின் அனுமதிச் சீட்டுகள் 2016 பிப்ரவரியில் புதுப்பிக்கப்படாமல் போனபோது அவர்களும் வேலை இழந்தார்கள். 2023 அக்டோபர் 7-க்குப் பிறகு, இஸ்ரேலுக்குள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்குக் கரைத் தொழிலாளர்களுக்கு நடந்ததும் இதுவே.

கொமெட்-எம்இ அமைப்பை இதற்கு எதிரே வைத்துப் பார்க்கிறேன். இஸ்ரேலிய இயற்பியலாளர்கள் இருவர் தொடங்கிய இந்த அமைப்பு, தெற்கு ஹெப்ரோன் குன்றுகளில், மின்வாரியக் கம்பி தலைக்கு மேலே குடியேற்றங்களுக்குப் போய்க்கொண்டிருக்க, இருட்டில் வாழ்ந்த மேய்ச்சல் ஊர்களுக்குச் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் தந்தது. பாலஸ்தீனத் தொழில்நுட்பர்களே நிறுவுகிறார்கள், பராமரிக்கிறார்கள். வீடுகள் பயன்பாட்டுக்குக் கட்டணம் செலுத்துகின்றன. ஆட்டுத்தோல் பையை மணிக்கணக்கில் ஆட்டி வெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், வெண்ணெய் கடையும் மின்கருவிக்கு மாறினார்கள். குளிர்பெட்டி வந்ததும் பாலாடைக்கட்டியை விலை வரும்வரை வைத்திருக்க முடிந்தது. இங்கே யாரும் யாரையும் நண்பராகும்படி கேட்கவில்லை.

ஆனால் அனுமதியின்றி நிற்கும் மின்தகடும் இடிப்பு ஆணைக்கு உட்பட்டதே. 2017 ஜூனில் ஜுப்பத் அத்தீப் என்ற சிற்றூரில் நெதர்லாந்தின் நிதியில் நிறுவிய 96 மின்தகடுகளை ராணுவ நிர்வாகம் எடுத்துச் சென்றது. அந்நாட்டு அரசு எதிர்ப்புத் தெரிவித்தது, சில மாதங்களில் அவை திருப்பித் தரப்பட்டன. ஹெப்ரோன் குன்றுகளின் ஸனூத்தா ஊர் மக்கள் குடியேறிகளின் தாக்குதலுக்கு அஞ்சி 2023 அக்டோபர் இறுதியில் ஊரை விட்டு வெளியேறினார்கள்; 2024-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் திரும்ப வழி செய்தது, எனினும் இடிந்த வீடுகளுக்குக் கூரை போட அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே இத்தகைய பணிக்கு நிதி தர முன்வரும் அரசுகளும் அமைப்புகளும், கருவிக்கான தொகையுடன் வழக்கறிஞர் செலவையும் மறுநிறுவல் செலவையும் முதல் ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். தாம் கொடுத்த பொருள் பறிபோகும் நாளில் தம் தூதரகம் அந்த ஊருக்கு நேரில் வரும் என்பதையும் அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.