பழைய கார் சீட் பெல்ட் பக்கிள்: கழுவுறதா, பிரிக்கிறதா, புதுப்பேட்டையா, புதுசா?

பத்து பதினஞ்சு வருஷம் ஓடின கார் வச்சிருக்கவங்க எல்லாருக்கும் இது வந்திருக்கும். பெல்ட் நாக்க, அதாவது பட்டைல இருக்க இரும்புத் தகட்ட, பக்கிளுக்குள்ள விட்டா க்ளிக்னு சத்தம் வராது, இல்ல ரெண்டு மூணு தடவ குத்துனா தான் புடிக்கும், இல்ல நல்லா புடிச்சிட்டு சிவப்பு பட்டன அமுக்குனா வெளிய வரமாட்டேன்னு அடம் பிடிக்கும். எங்க வீட்டு 2009 வேகன்ஆர்ல டிரைவர் பக்கம் இது எல்லாமே ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துச்சு, பக்கத்து சீட் பக்கிள் இன்னும் புதுசு மாதிரியே இருக்கு, தினம் போட்டு கழட்டுறது டிரைவர் சைடு மட்டும் தான. கழுவுறது, பிரிச்சு ரிப்பேர் பண்றது, பழசு வாங்கி மாட்டுறது, புதுசு வாங்கி மாட்டுறதுனு நாலு வழி இருக்கு. நான் எந்தப் பக்கம்னு முதல்லயே சொல்லிடறேன்: முதல்ல கழுவிப் பாருங்க, அதுல சரியாகலன்னா ஜெனுயின் பக்கிள் புதுசா வாங்கி நீங்களே மாட்டுங்க. நடுவுல இருக்க ரெண்டும் வேணவே வேணாம்.

பக்கிள் உள்ள என்ன நடக்குதுனு தெரிஞ்சா தான் மத்தது புரியும். நாக்கு உள்ள போறப்ப ஒரு சின்ன ஸ்பிரிங் கட்டைய பின்னாடி தள்ளும், அது ஒரு அளவுக்கு மேல போனதும் ஒரு இரும்பு கொக்கி நாக்குல இருக்க ஓட்டைக்குள்ள விழும், அது எகிறாம இருக்க இன்னொரு துண்டு வந்து மேல பூட்டிக்கும். அந்த சத்தம் தான் க்ளிக். பட்டன அமுக்குனா அந்த பூட்டு நகர்ந்து கொக்கி தூக்கும், அமுங்கி இருந்த ஸ்பிரிங் நாக்க வெளிய தள்ளி விடும். இதுல பாதி வேலை மட்டும் நடக்குறது தான் ஆபத்து. கொக்கி ஓட்டைல விழுந்திருக்கும், ஆனா மேல பூட்டு வந்து உக்காந்திருக்காது, கையால இழுத்தா வராது, மாட்டியாச்சுனு நம்பி கிளம்பிடுவோம்.

சரி, கழுவுறது. செலவே இல்லாத வழி, நிறைய வண்டிக்கு இதுவே போதும். ஹேண்ட்பிரேக் பக்கத்துல வாய தொறந்துட்டு நிக்கிற பொருள் இது, என்னெல்லாம் உள்ள போகும்னு யோசிங்க. டேஷ்போர்டுல பொட்டலமா வச்ச விபூதி குங்குமம், பசங்க திங்கிற பிஸ்கட் தூள், சிந்துன டீ, ஜூஸ். சர்க்கரை காஞ்சு கோந்து மாதிரி ஆகி ஸ்பிரிங்க அப்படியே புடிச்சு வச்சுக்கும். குழந்தைங்க கார் சீட் தயாரிக்கிற கம்பெனிங்க பலதும் பக்கிள் ஒட்டுனா வெதுவெதுப்பான தண்ணில அலசச் சொல்லித் தான் மேனுவல்ல போடுறாங்க, அதே வைத்தியம் இதுக்கும் ஒத்துவருது. டிரைவர் பக்க பக்கிள்ல வார்னிங் லைட்டுக்கு ஒரு வயர் போகுதானு மட்டும் முதல்ல பாத்துக்கோங்க, இருந்தா சாவிய எடுத்துட்டு அந்த கனெக்டர கழட்டிட்டு ஆரம்பிங்க. பக்கிள கழட்டி தலைகீழா புடிச்சு வெதுவெதுப்பான தண்ணிய உள்ள விட்டு, பட்டன அமுக்கி விட்டு அமுக்கி விட்டு அலசணும், பஞ்சர் கடைல காத்து அடிச்சு ஈரத்த வெளிய எடுத்து, நிழல்ல ஒரு நாள் முழுக்க காய விடணும். எனக்கு வந்த தண்ணி மஞ்ச செவப்பா குங்குமக் கலர்ல வந்துச்சு, கடைசியா அதோட நகத்துணுக்கு அளவுல ஒரு சிவப்பு பிளாஸ்டிக் சில்லும் விழுந்துச்சு. அந்த சில்லுக்கு அப்புறம் வர்றேன், முக்கியமானது அது தான்.

எண்ணெய் மட்டும் போடாதீங்க. இறுகுனத இளக்க அடிக்கிற WD-40 ஸ்ப்ரே இருக்கே, அதுவும் வேணாம், தையல் மிஷின் எண்ணெய் வேணாம், தேங்காய் எண்ணெய் சுத்தமா வேணாம். அடிச்ச அன்னிக்கு வெண்ணெய் மாதிரி வேலை செய்யும், அப்புறம் நம்ம ஊர் புழுதி மொத்தத்தையும் இழுத்து உள்ள பசையாக்கிடும், பட்டைலயும் கறை இறங்கும்.

ஒரு விஷயம், பெல்ட் பட்டை மெதுவா சுருளுது, பாதில நிக்குதுங்கறது வேற பிரச்சனை, பக்கிளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. தோளுக்கு மேல தூண்ல ஒரு வளையம் இருக்கும் பாருங்க, அதுல பட்டையோட அழுக்கு வியர்வை எல்லாம் மெழுகு மாதிரி படிஞ்சிருக்கும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துணிய நனைச்சு தொடச்சா பெரும்பாலும் சரியாயிடும். பட்டைக்கு லேசான சோப்புத் தண்ணி போதும், பிளீச்சிங் போட்டா பாலியஸ்டர் இழை பலவீனமாயிடும். அடில இருக்க ரீல் டப்பாவ மட்டும் தொறக்கவே தொறக்காதீங்க, உள்ள சுருள் ஸ்பிரிங் இருக்கு, கை முகம்னு பாக்காது.

அடுத்து பிரிச்சு ரிப்பேர் பண்றது. மெக்கானிக் நண்பர்கள் நிறைய பேர் சர்வசாதாரணமா சொல்லுவாங்க, மேல் மூடிய நெம்பி எடுத்து ஸ்பிரிங்க இழுத்து விட்டு, உடஞ்ச பட்டன ஃபெவிக்விக் போட்டு ஒட்டிடலாம்னு. அவங்க கைத்திறமைல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா இந்த சிவப்பு பட்டனோட வரலாறு தெரிஞ்சா அப்படி சொல்ல மாட்டாங்க. 1995ல அமெரிக்கால 80 லட்சத்துக்கும் மேல கார்கள சீட் பெல்ட் பக்கிளுக்காக திரும்பக் கூப்பிட்டாங்க, பெரும்பாலும் 1986ல இருந்து 1991 வரைக்கும் வந்த ஜப்பான் வண்டிங்க. பெல்ட் செஞ்சது டகாட்டா, பின்னாடி ஏர்பேக் விவகாரத்துல மாட்டி 2017ல திவாலாச்சே, அதே கம்பெனி தான். காரணம் என்னன்னா பட்டனுக்கு போட்ட ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயில் பட்டு பட்டு நொறுங்க ஆரம்பிச்சு, அந்த சில்லுங்க உள்ள விழுந்து கொக்கிக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. சில பெல்ட் மாட்டல, சிலது கழண்டு வரல, சிலது மாட்டுன மாதிரி இருந்துட்டு வேணும்ங்கறப்ப விட்டுடுச்சு. ஒரு துண்டு பிளாஸ்டிக், அவ்வளவு தான்.

எங்க வண்டி பிளாஸ்டிக் அதே வகைனு நான் சொல்ல வரல. ஆனா நம்ம ஊர்ல மத்தியானம் வெட்ட வெயில்ல கண்ணாடி மூடி நிக்கிற வண்டிக்குள்ள என்ன சூடு இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். பட்டன்ல விரிசல் விட்டு சில்லு விழ ஆரம்பிச்சிடுச்சுனா ஒண்ணு தண்ணில வந்துச்சு, இன்னொண்ணு உள்ளயே எங்க உக்காந்திருக்குனு எனக்கு எப்படி தெரியும்? அதனால என் கணக்கு சிம்பிள். அழுக்குனால ஒட்டுனா கழுவலாம். பட்டன் விரிஞ்சிருக்கு, உடஞ்சிருக்கு, ஸ்பிரிங் தொங்குதுனா அந்த பக்கிளோட ஆயுசு முடிஞ்சது.

புதுப்பேட்டை பத்தி பேசுவோம். சென்னைல பழைய வண்டிக்கு எந்த சாமான் வேணும்னாலும் அங்க கிடைக்கும், அந்த கடைக்காரங்க மேல எனக்கு பெரிய மரியாதை உண்டு, மாடல் வருஷம் சொன்னா கண்ண மூடிட்டு எடுத்துக் கொடுப்பாங்க. கதவு, கண்ணாடி, டாஷ்போர்டு மூடி, சீட்டே கூட அங்க வாங்கலாம், நானும் வாங்குறவன் தான். சீட் பெல்ட் மட்டும் கூடாது. ஏன்னா ஒரு வண்டி எப்படி அங்க வந்து சேருது? வயசாகி வர்றது பாதி, அடிபட்டு வர்றது பாதி. ஒரு தடவ விபத்துல இழுபட்ட பெல்ட் செட்ட திரும்ப உபயோகிக்கக் கூடாது, மாத்தணும்னு கார் மேனுவல்லயே எழுதியிருக்கும். பட்டைல அலை அலையா இழுபட்ட தடம், நாக்குல பிளாஸ்டிக் உருகித் தேஞ்ச அடையாளம் இதெல்லாம் இருந்தா கண்ணுக்கு தெரியும். ஆனா நாம வாங்குறது பக்கிள் மட்டும், கொக்கி எவ்வளவு வளைஞ்சிருக்குங்கறது மூடிக்கு உள்ள இருக்கு.

இங்க தான் என்னோட முழு முடிவும் நிக்குது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். எல்லாரும் பக்கிள எப்படி டெஸ்ட் பண்றோம்? மாட்டிட்டு ஒரு இழு இழுக்கிறோம். பலமா இழுத்தா ஒரு இருபது முப்பது கிலோ விசை இருக்கும். இப்ப நிஜ கணக்க போடுங்க: 70 கிலோ ஆள், 50 கிலோமீட்டர் வேகம், வண்டி எதுலயோ மோதுது, முன்பக்கம் நசுங்குறது பெல்ட் கொஞ்சம் இளகுறது எல்லாம் சேத்து அவர் உடம்பு முக்கா மீட்டர்ல நிக்குதுனு வச்சுக்குவோம். வேகத்தோட வர்க்கத்த தூரத்தோட ரெண்டு மடங்கால வகுத்து எடையால பெருக்குனா ஒம்பதாயிரம் நியூட்டன் வரும், அதாவது சுமாரா ஒரு டன்னுக்கு கொஞ்சம் கம்மி. இது சராசரி தான், உச்சத்துல இன்னும் அதிகம். தோள் பட்டை, இடுப்பு பட்டை ரெண்டும் வந்து சேர்ற இடம் பக்கிள், அதனால அந்த விசைல பெரிய பங்கு அந்த ஒத்த கொக்கி மேல தான் இறங்கும். முப்பது கிலோவுக்கு தாங்குற பக்கிள் அதுக்கும் தாங்குமானு வீட்ல, ஒர்க்‌ஷாப்ல, கடைல எங்கயும் யாராலயும் டெஸ்ட் பண்ணிப் பாக்க முடியாது. பிரேக் ரிப்பேர் பண்ணா தெருவுல ஓட்டிப் பாத்துக்கலாம், லைட் மாத்துனா போட்டுப் பாத்துக்கலாம், பக்கிளுக்கு அந்த வசதி கிடையாது, முதல் டெஸ்டே விபத்து தான். சீட் பெல்ட்டுக்கான ஐநா விதி 16ல வர்ற பெல்ட்டுங்கள 5,000 தடவ பக்கிள தொறந்து மூடி, அதுக்கு அப்புறம் தான் மோதல் டெஸ்டுக்கே போடுறாங்க. அதுக்கப்புறமும் 60 நியூட்டன், அதாவது சுமார் ஆறு கிலோ விசைக்குள்ள பட்டன் தொறக்கணும், ஏன்னா தீயோ தண்ணியோ வந்தா ஒரு கையால வெளிய வரணும். நாம பிரிச்சு ஒட்டுனதும், எங்கிருந்து வந்ததுனு தெரியாத பழசும் இந்த எந்த டெஸ்டும் பாஸ் பண்ணதா சொல்லிக்க முடியாது. விலை, வேலை, சவுகரியம்னு எத வச்சு ஒப்பிட்டாலும் இது ஒண்ணு எனக்கு எல்லாத்தையும் அடிச்சிடுது.

ஆன்லைன்ல வர்ற யுனிவர்சல் பக்கிள் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல. நாக்கும் பக்கிளும் ஜோடியா செஞ்சது, அகலம், ஓட்டை இருக்க இடம், கனம் எல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். வேற பக்கிள்ல போயி க்ளிக் ஆகுதுங்கறதுக்காக அது பொருந்திடுச்சுனு ஆகாது. வெறும் நாக்க மட்டும் விக்கிறாங்களே அலாரம் கத்தாம இருக்க, அந்த கிளிப்ப தொடவே தொடாதீங்க, 2023 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அஞ்சு ஆன்லைன் தளங்கள அதை எடுக்கச் சொல்லி உத்தரவே போட்டுச்சு.

இப்ப புது பக்கிள். ஜெனுயின் பார்ட்ஸ் கடைல ஆர்சி காப்பி இல்ல சேசிஸ் நம்பர் காட்டுங்க, இடது வலதுன்னு தெளிவா சொல்லுங்க, ரெண்டும் வேற வேற பார்ட் நம்பர். எங்க வண்டிக்கு ஸ்டாக் இல்ல, ஆர்டர் போட்டு தான் வந்துச்சு, விலை ஃபுல் டேங்க் பெட்ரோல்ல பாதி கூட வரல. ரொம்ப பழைய மாடலுக்கு, பார்ட்ஸே நின்னு போன வண்டிக்கு இவ்வளவு சுலபமா கிடைக்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன், அந்த மாதிரி வண்டிக்கு பக்கிள், பட்டை, ரீல் எல்லாம் சேந்த முழு செட்டா புதுசு கிடைச்சா அது பெட்டர், நாக்கும் ஜோடியா வந்திடும்.

மாட்டுறது நிஜமாவே சின்ன வேலை. சீட்ட முழுசா முன்னாடி தள்ளுங்க, பக்கிள் தண்டு அடில ஒரு போல்ட், பெரும்பாலும் 17 எம்எம் சாக்கெட். பல வருஷம் ஆன போல்ட் இறுக்கமா இருக்கும், நீளமான கைப்பிடி போட்டு நிதானமா திருப்புங்க, குட்டி ரேச்செட்ல முயற்சி பண்ணா கை தான் வலிக்கும். இதுல கவனிக்க வேண்டியது, நிறைய கார்ல சீட் பெல்ட் போல்ட் மட்டும் அங்குல மரை, 7/16 அங்குலத்துல 20 மரை. தொலைஞ்சு போச்சுனு டப்பால இருக்க பத்து எம்எம் பன்னெண்டு எம்எம் போல்ட்ட முறுக்கி ஏத்துனா மரை போயிடும், அப்புறம் புது பக்கிள் வாங்கியும் பிரயோஜனம் இல்ல. அதே போல்ட், அதே வாஷர், கழட்டுன வரிசைலயே திரும்ப. முதல் நாலு சுத்து கையால ஏறணும், அப்புறம் டார்க் ரெஞ்ச்ல, அதாவது இறுக்கத்த அளந்து காட்டுற ஸ்பானர்ல, உங்க வண்டி மேனுவல்ல சொன்ன அளவுக்கு இறுக்குங்க. டார்க் ரெஞ்ச் இல்லாதவங்க மாட்டிட்டு பக்கத்து ஒர்க்‌ஷாப்ல அந்த ஒரு போல்ட்ட மட்டும் இறுக்கி வாங்கிக்கலாம். வயர் இருந்தா சொருகி, சாவி போட்டு வார்னிங் லைட் எரியுதா, மாட்டுனா அணையுதானு பாருங்க. தண்டு பழைய கோணத்துலயே நிக்கணும், சாஞ்சிருந்தா சீட் நகர்றப்ப இடிக்கும்.

ஒரே ஒரு இடத்துல நானும் கை வைக்க மாட்டேன். புது கார்ங்கள்ல சிலதுல பக்கிள் தண்டுலயே பிரிடென்ஷனர் இருக்கும், மோதுனதும் சின்ன வெடிமருந்து வெடிச்சு பெல்ட்ட இறுக்குற சமாச்சாரம், சீட்டுக்கு அடில மஞ்ச கனெக்டர் தெரிஞ்சா அது அந்த வகையா இருக்கலாம். அது நான் வேலை செஞ்ச வண்டில இல்ல, அதுக்கு சர்வீஸ் சென்டருக்கே போங்க.

கழட்டுன பழைய பக்கிள காயலான் கடைக்கு போடுறதா இருந்தா முதல்ல சுத்தியலால வாய நசுக்கிட்டு போடுங்க. அப்படியே போட்டா கழுவி தொடச்சு இன்னொரு வண்டிக்கு போயிடும்.