சுருதிப் பெட்டியா, தம்புரா ஆப்பா? காசு கொடுக்கும் முன் காதைக் கொடுங்கள்

பாடும்போது துணையாகச் சுருதியை விடாமல் ஒலிக்கப் பெட்டி வாங்குவதா, கைப்பேசி ஆப் போதுமா? பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்த்த வீடுகளில் முதல் மாதமே எழும் கேள்வி இது. குழல் வாசிக்கும் பொறியாளர் ஜி. ராஜ் நாராயண் பெங்களூரில் தொடங்கிய ராடெல் முதல், பெயர் ஒட்டாத உள்ளூர்த் தயாரிப்புகள் வரை கடையில் பெட்டிகளுக்குக் குறைவில்லை. கைப்பேசியில் இலவச ஆப்களும் கொட்டிக் கிடக்கின்றன. எதை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டுதான்: பஞ்சமம் (‘ப’) அசையாமல் நிற்கிறதா, ஸ்பீக்கர் மந்தரத்தை, அதாவது கீழ் ஸ்தாயிச் சுரங்களை, தாங்குகிறதா. மற்ற பொத்தான்களெல்லாம் பிறகு.

பஞ்சமத்தைச் சோதிப்பது எளிது. ஷட்ஜத்துக்கும் (‘ஸ’) பஞ்சமத்துக்கும் இடையே அதிர்வெண் விகிதம் 3:2, அதாவது 1.5. கீபோர்டில் இருக்கும் பஞ்சமம் 1.4983, சுமார் 2 சென்ட் குறைவு (ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஆப்போ பெட்டியோ இந்தக் கீபோர்டுக் கணக்கில் செய்யப்பட்டிருந்தால் காதே காட்டிக்கொடுக்கும். 1 கட்டையில் வையுங்கள் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்). மீட்டும் ஒலியை விட்டு, ஹார்மோனியம் போல இடைவிடாமல் வரும் ஒலியைத் தேர்ந்தெடுங்கள். ஷட்ஜம், பஞ்சமம் இரண்டையும் ஒரே அளவில் ஒலிக்கவிட்டு அரை நிமிடம் கேளுங்கள். சுத்தப் பஞ்சமம் என்றால் ஒலி அப்படியே நிற்கும். கீபோர்டுப் பஞ்சமம் என்றால் சுமார் இரண்டேகால் நொடிக்கு ஒருமுறை மெல்லிய அலை ஏறி இறங்கும். 5 கட்டையில் ஒன்றரை நொடிக்கு ஒருமுறை. பஞ்சமத்துக்குத் தனித் திருகு உள்ள பெட்டியில் அலை அடங்கும்வரை திருகிச் சரிசெய்துகொள்ளலாம். திருகும் இல்லை, அலையும் அடங்கவில்லை என்றால் அதை வாங்காதீர்கள். தினம் ஒரு மணி நேரம் அதோடு பாடும் குழந்தைக்கு அதுவே சுருதி என்று படிந்துவிடும்.

அடுத்தது ஸ்பீக்கர். ஆண்கள் பெரும்பாலும் பாடும் 1 கட்டையில் நடு ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்தர ஷட்ஜம் 65. கைப்பேசியின் சிறு ஸ்பீக்கரால் இந்த அடிச்சுரங்களை உருப்படியாகத் தர முடியாது. அடிச்சுரத்தோடு சேர்ந்து மேலெழும் இணைச் சுரங்கள் மட்டும் கேட்கும். காது மீதியை ஊகித்துக்கொள்ளும். பெண்கள் பாடும் ஐந்தரைக் கட்டையில் ஷட்ஜம் 208 என்பதால் பாதிப்பு கொஞ்சம் குறைவு. பெட்டியின் பெரிய பலமே இங்கேதான்: சுமாரான பெட்டியின் ஸ்பீக்கர்கூட கைப்பேசியை விட அடித்தளமாக ஒலிக்கும்.

நாதத்தில் நிலைமை தலைகீழ். உண்மையான தம்புராவைப் பதிவுசெய்து தரும் ஆப்களில் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்தியும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும். குதிரையில் ஜீவாளி நூல் (தந்திக்கு அடியில் வைத்து நாதத்தைக் கூர்மையாக்கும் நூல்) சரியாக நின்ற தம்புராவின் பதிவு என்றால், மந்தரத்தை மீட்டியதும் அந்தர காந்தாரம் (‘க’வின் உயர்ந்த வகை) தானாக மேலே மிதந்து வரும். கேட்டுப் பாருங்கள், அது வராத பதிவு தட்டையானது. மலிவான பெட்டிகள் இந்த இடத்தில் தேறுவதே இல்லை. ஆனால் ஆரம்ப மாணவருக்கு மீட்டல் ஒலியை விட இடைவிடாத ஒலிதான் பிடித்துக்கொள்ள எளிது. நாகஸ்வரக் கச்சேரிகளில் சுருதிக்காக ஒத்து என்ற குழலை ஊதுபவரின் இடத்தில் இன்று பெட்டி உட்கார்ந்திருப்பதும் சும்மா இல்லை.

பெட்டியில் அடிக்கடி படுத்துவது அடாப்டர். தரமற்ற அடாப்டரிலிருந்து 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் கசியும். 5 கட்டையில் பாடுபவருக்கு இது தனி வேதனை: மந்தர ஷட்ஜம் 98 என்பதால், பக்கத்திலேயே 35 சென்ட் ஏறிய இன்னொரு ஷட்ஜம் சேர்ந்து முனகுவது போலிருக்கும். கடையில் ஒலியளவை முழுக்கக் குறைத்துவிட்டுக் காதை ஸ்பீக்கரில் வையுங்கள். இரைச்சல் கேட்டால் பேட்டரியில் போட்டுப் பாருங்கள். அப்போது நின்றுவிட்டால் குற்றம் அடாப்டருடையது. மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட்டோடு முனையின் பிளஸ், மைனஸ் வரிசையும் பொருந்த வேண்டும். மாற்றிச் செருகினால் உள்ளே இருக்கும் பலகை போய்விடக்கூடும். பயன்படுத்தாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் தகடு அரித்துவிடும்.

பழைய திருகு வகைப் பெட்டிகள் சூடேறச் சூடேறச் சுருதி நகரும். ஷட்ஜத்தை மட்டும் ஒலிக்கவிட்டு ட்யூனர் ஆப்பில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், அரை மணி கழித்து மறுபடி அளந்து பாருங்கள். பஞ்சமமும் சேர்ந்து ஒலித்தால் ட்யூனர் குழம்பிவிடும். டிஜிட்டல் வகையில் இந்தத் தொல்லை கிடையாது.

பஞ்சமத்துக்குப் பதில் மத்தியமத்தை (‘ம’) ஒலிக்கவிடும் மத்தியமப் பொத்தான் கட்டாயம் வேண்டும். ஹிந்தோளம், ஸ்ரீரஞ்சனி போலப் பஞ்சமமே இல்லாத ராகங்களுக்குப் பஞ்சம சுருதி உறுத்தும். புன்னாகவராளி, செஞ்சுருட்டி, நாதநாமக்கிரியை ஆகியவற்றை மத்தியமத்தையே ஷட்ஜமாக வைத்துப் பாடுவார்கள். பொத்தான் இல்லாத பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், இந்த மூன்றுக்கு 1 கட்டைக்காரர் 4 கட்டைக்கும் ஐந்தரைக்காரர் ஒன்றரைக்கும் மாற்றிக்கொண்டால் போதும்.

ஆப்பின் தொல்லைகள் வேறு வகை. பேட்டரி சேமிப்பு அமைப்பு பாதி வர்ணத்தில் (கீதங்களுக்கு அடுத்துக் கற்கும் உருப்படி) ஆப்பை நிறுத்திவிடும். அந்த ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். ஏரோப்ளேன் மோடில் போடாவிட்டால் ஆலாபனை நடுவே வாட்ஸ்அப் மணி அடிக்கும். பதிவைச் சுழற்றும் இடத்தில் சின்ன வெட்டு விழுகிறதா என்று இரண்டு நிமிடமாவது கேளுங்கள்.

ஆகவே எட்டு வயதுக் குழந்தைக்கு மத்தியமப் பொத்தான் உள்ள எளிய டிஜிட்டல் பெட்டியே நல்லது. ஒரு பொத்தானை அழுத்தினால் பாட உட்காரலாம், யூடியூப் கூப்பிடாது. வர்ணம் தாண்டியவர் நல்ல ஆப்போடு வயர் வைத்த ஓரளவு பெரிய ஸ்பீக்கரில் காசைப் போடலாம். இரண்டையும் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், மந்தரம் மட்டும் வீங்கிக் கேட்கும். பக்கவாட்டில், காது உயரத்தில் வைத்து, பாடும்போது குரலுக்குக் கீழேயும் மூச்செடுக்கும்போது காதை நிறைத்தும் ஒலிக்கும் அளவில் திருகை நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் சொந்தக் குரல் இறங்குவதே தெரியாது.