பழைய 315 ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா? பாலக்காட்டு எல்லையிலிருந்து ஓர் அனுபவம்

எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கம் கடலையும் மரவள்ளியும் போடுகிறவர்களிடம் காட்டுப்பன்னியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பயிரை அழிக்கும் பன்னியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022 மே மாதம் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே கொடுத்தது. அதற்குப் பிறகுதான் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிற வீடுகளைத் தேடி ஆள் வர ஆரம்பித்தது. எங்கள் வீட்டுப் பழைய ரைஃபிளும் அப்படித்தான் மறுபடி வேலைக்கு வந்தது.

பர்மிங்ஹாம் பி.எஸ்.ஏ கம்பெனி செய்த பாயிண்ட் 315 அது, அதாவது குழலின் துளை 0.315 அங்குலம். தாத்தா காலத்தில் வீட்டில் அதற்கு ‘மான் துப்பாக்கி’ என்றே பெயர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தோடு அந்தப் பெயருக்கு வேலை போய்விட்டது. இன்றைக்கு மானைச் சுட்டால் ஜெயில்தான். இங்கே நான் சொல்வதெல்லாம் உத்தரவோடு பன்னி சுடுவதைப் பற்றி மட்டுமே.

இந்த அளவு எப்படி வந்தது என்பதே ஒரு கதை. ராணுவத்தின் 303 தோட்டா வெளி ஆள் கையில் புழங்கக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்து வைத்திருந்தான். அதனால் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு ரைஃபிள் மாதிரியான அதே அமைப்பில், ஆஸ்திரியாவின் பழைய 8 மில்லிமீட்டர் மன்லிக்கர் தோட்டா போகிறபடி வேட்டை ரைஃபிள்கள் செய்தார்கள். பிறகு நம் இஷாப்பூர் தொழிற்சாலையும் அதே அளவில் செய்தது. கடையில் சிலர் இதை ‘எட்டு எம்.எம்’ என்றுதான் சொல்வார்கள். கவனம். ஜெர்மன் மவுசர் ரைஃபிளின் 8 எம்.எம் வேறு சாதி: அடியில் விளிம்பு கிடையாது, அழுத்தமும் கூடுதல். பெட்டியில் 315 என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

315 தோட்டாவில் இரண்டு வகை உண்டு. சாஃப்ட் நோஸ் வகையில் முனை ஈயம் வெளியே தெரியும். ஃபுல் ஜாக்கெட்டில் குண்டு முழுக்கச் செம்புக் கலவை மூடியிருக்கும். பன்னிக்கு முதல் வகைதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குண்டு ஏறக்குறைய 16 கிராம் கனம், வேகம் இன்றைய ரைஃபிள்களை விடக் குறைவு. உள்ளே போனதும் முனை விரிந்து, விசையெல்லாம் அங்கேயே செலவாகும். மிருகம் சீக்கிரம் விழும். மூடிய குண்டு மறுபக்கம் துளைத்துக்கொண்டு போய்விடும். அடிபட்ட பன்னி புதருக்குள் ஓடினால், அதன் பின்னால் டார்ச்சோடு போகிறவன் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அப்புறம் துளைத்துப் போன குண்டு எங்கே போய் நிற்கும்? நம் ஊரில் தோப்புக்கு அடுத்தது களத்து வீடு, அதற்கடுத்தது ரோடு.

பழைய குழலில் குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிகள் தேய்ந்திருக்கும். ஒரு பேட்ச் தோட்டா ஒரே இடத்தில் கூடும். இன்னொரு பேட்ச் அதே தூரத்தில் ஒரு சாண் சிதறும். ஆகவே நல்லதாகப் பட்ட பேட்ச் எண்ணைக் குறித்து வைத்து, லைசென்ஸில் எழுதியிருக்கிற எண்ணிக்கைக்கு உட்பட்டு அதையே வாங்கி வைக்கிறேன். ரேஞ்சில் 50 மீட்டருக்குக் குறி சரிபார்த்தால் போதும். டார்ச் வெளிச்சத்தில், டெலஸ்கோப் இல்லாமல் வெறும் இரும்புக் குறியை வைத்து அதற்கு மேல் தூரத்தில் சுடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

சுட்ட பிறகு தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கூட்டையும் பாருங்கள். அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் சுற்றி வந்திருந்தால், கூடு அங்கே இழுபட்டு மெலிகிறது என்று பொருள். அடுத்த சுடுகையில் அங்கேயே முறியலாம். அப்போது துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும், தோட்டாவை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை.

பத்திரப்படுத்துவது பற்றி ஒன்று, இது விவசாயிகளுக்கு முக்கியம். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலம் வந்தாலே தானாக விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாதான் காரணம் என்பது 1920களின் தொடக்கத்தில்தான் தெளிவானது. இங்கே பலர் யூரியா மூட்டை அடுக்கிய அறையிலேயே தோட்டாப் பெட்டியையும் பூட்டி வைக்கிறார்கள், இல்லையென்றால் அது மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறையாக இருக்கும். யூரியா ஈரம் பட்டுச் சிதைந்தாலும் அம்மோனியாதான் வரும். உறவுக்காரர் ஒருவர் கொடுத்த பழைய பெட்டியில் கழுத்தோரம் மயிரிழை விரிசல்கள் இருந்தன. சுடாமல், துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்துவிட்டோம்.

பழைய சரக்கில் இன்னொரு தொல்லை பிரைமர், தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற பகுதி. சிலவற்றில் சுட்டதும் குழலுக்குள் ஒரு உப்பு தங்கும். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) ஈரத்துக்கு ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்துக் காயவிட்டு, அதற்கப்புறம்தான் எண்ணெய்.

இவ்வளவு சொன்னாலும், கூப்பிடுகிற எல்லா இடத்துக்கும் நான் இந்த ரைஃபிளை எடுத்துப் போவதில்லை. பின்னால் மண்மேடோ சரிவோ இருந்து, குண்டு அதில் புதையும் என்றால் மட்டும் 315. வாய்க்கால் ஓரம், வீடுகளுக்கு நடுவில் உள்ள தென்னந்தோப்பு, பாறைக்காடு இங்கெல்லாம் கூட வருகிறவரின் பன்னிரண்டு போர் துப்பாக்கிதான். சில பெரிய ஈயக் குண்டுகள் அடங்கிய எல்ஜி தோட்டா போட்டு, முப்பது மீட்டருக்குள் பன்னி வந்தால் சுடுவோம், வராவிட்டால் திரும்பிவிடுவோம். தோட்டக்காரருக்கு அதில் கோபம் வரும். வரட்டும், அடுத்த ராத்திரியும் பன்னி அங்கேதான் வரப்போகிறது.