சுங்கை சிப்புட் கல் சோதனை மேசை: சிலோன் நீலம் என்று எழுதித் தந்தால் நம்பலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு நகைக்கடையின் உள்ளறையில் ராசிக்கல் சோதிக்கிறார்கள். கல் அசலா, செயற்கையா, சூடு காட்டியதா என்று பார்ப்பதோடு, எந்த ஊர்க் கல் என்றும் சீட்டில் எழுதித் தருகிறார்கள். முதல் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர் சொல்வதில்தான் வாடிக்கையாளர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இருக்கின்றன.

மேசையில் 60 மடங்குவரை பெரிதாக்கும் நுண்ணோக்கி, கையடக்க நிறமாலைக்காட்டி (கல்லின் வழி வரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டுவது), 365 நானோமீட்டர் புறஊதா விளக்கு ஆகியவை உண்டு. நீலக்கல் வந்ததும் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் காற்றுக்குமிழ்களும் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். இருந்தால் செயற்கைக் கல். பிறகுதான் நிறமாலை. 450 நானோமீட்டர் அருகே கருங்கோடு அழுத்தமாகத் தெரிந்தால் இரும்பு மிகுந்த, எரிமலைப் பாறையோடு வந்த கல்: தாய்லாந்தின் சந்தாபுரி, கம்போடியாவின் பைலின், ஆஸ்திரேலியா என்ற வகை. மங்கலாக இருந்தால் இலங்கை, மியன்மார், மடகாஸ்கர் பக்கம். செயற்கைக் கல்லிலும் இந்தக் கோடு இராது என்பதால் இந்த வரிசை முக்கியம், இங்கே அதைச் சரியாகக் கடைப்பிடிக்கிறார்கள். மாணிக்கத்துக்கும் இதே கவனம். மியன்மாரின் மொகோக் மாணிக்கம் புறஊதா ஒளியில் செக்கச்செவேலென்று ஒளிரும், இரும்பு கூடிய தாய்லாந்துக் கல் மங்கும். ஆனால் செயற்கை மாணிக்கமும் நெருப்பாக ஒளிரும்.

இனி அவர்களுடைய மாதிரிக்கல் பெட்டி. வந்த கல்லின் உள்ளே உள்ள பட்டு இழை (ஊசிபோன்ற நுண்படிகங்கள்), படிகம், விரல்ரேகைபோல் தெரியும் தடம் ஆகிய குறிகளை ஊர் தெரிந்த கற்களோடு ஒப்பிடத்தான் அது. ஒப்பிடும் மாதிரியின் ஊரே சந்தேகமானால் சீட்டும் சந்தேகம்தான். பெரிய ஆய்வகங்கள் ஒவ்வொரு மாதிரியையும் தரம் பிரித்து வைக்கின்றன: தம் ஆட்களே சுரங்கத்தில் தோண்டியெடுத்தது உச்சம், தோண்டுபவரிடம் நேரில் வாங்கியது அடுத்தது, சந்தையில் வாங்கியது கடைசி. இந்தப் பெட்டியில் பல கற்களுக்குச் சந்தையின் பெயர் மட்டுமே இருக்கிறது. 1998இல் மடகாஸ்கரின் இலகாக்காவில் நீலம் கிடைத்தபின், அங்கிருந்து ஏராளமான கல் இலங்கைக்குப் போய்ப் பட்டை தீட்டப்படுகிறது. ஆக, இலங்கையின் ரத்தினபுரியில் வாங்கிய கல் ரத்தினபுரி மண்ணில் விளைந்ததாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. இரண்டு நாட்டு நீலங்களின் உட்குறிகளும் பெரிதும் ஒத்திருக்கும். இதற்குள் சூடு காட்டியிருந்தால் பட்டு இழைகள் கரைந்து, இருக்கும் சாட்சியும் போய்விடும்.

எனவே, இவர்கள் 'எரிமலைப் பாறை வகை அல்ல' என்று எழுதினால் ஏற்கலாம். 'சிலோன்' என்று தீர்த்து எழுதும்போது எந்த மாதிரியோடு ஒப்பிட்டார்கள், அது எங்கே, யாரிடம் வாங்கியது என்று கேளுங்கள். மரகதத்திலும் அப்படியே: திரவம், வாயு, உப்புப் படிகம் மூன்றும் சேர்ந்த உட்குறியைக் கண்டதும் கொலம்பியா என்கிறார்கள். ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷீர் மரகதத்திலும் அதுபோன்றது உண்டு.

விலை கூடிய கல்லைப் பாங்காக் ஆய்வகத்துக்கு அனுப்பிவைக்கும் சேவையும் தருகிறார்கள். நம் பார்வையில் இந்த இடத்தின் பெரிய பயன் அதுதான். அங்கே கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் மயிரிழை அளவு குழியிட்டு மெக்னீசியம், டைட்டானியம், வனேடியம், இரும்பு, காலியம் ஆகியவற்றை அளந்து, ஊர் உறுதியான மாதிரிகளின் அளவோடு ஒப்பிடுவார்கள். குழி வெறும் கண்ணுக்குத் தெரியாது. அப்போதும் வருவது நிபுணர் கருத்துத்தான். முடிவு சொல்ல முடியாத கல்லுக்கு ஊர் எழுதமாட்டார்கள்.

போகும்போது கல்லை மோதிரத்திலிருந்து கழற்றிக் கொண்டுபோங்கள், பின்பக்கம் மூடிய மோதிரத்தில் கல் இருந்தால் பாதி சோதனை நடக்காது. எடையைக் காரட்டில் இரண்டு தசம இடம்வரை நிறுத்து, கல்லின் படத்தோடு ரசீதில் எழுதச் சொல்லி வாங்குங்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் நகை வாங்கவே கூட்டம் நெரியும், அப்போது சோதனைக்குப் போக வேண்டாம்.