செம்பூரில் அப்பாவின் சாக்ஸைக் கழற்றச் சொன்னவர்

அப்பா கடை பார்க்கிற ஆள் இல்லை. மும்பை செம்பூரில் நாற்பது வருஷமாக இருக்கிறார். ஆனாலும் ஸ்டேஷன் ரோட்டில் எந்தக் கடை எங்கே என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டும். அப்படிப்பட்டவர், இந்த முறை நான் போய் இறங்கிய மறுநாள், காய் வாங்கப் போகும் வழியில் மொபைல் கவர் விற்கிற கடை முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். அவர் போனுக்குக் கவரே கிடையாது. இருநூறு தப்படி தள்ளி ஒரு செருப்புக் கடை. அதையும் பார்த்தார். மூன்றாவதாக, இறக்கிப் பூட்டிய ஒரு ஷட்டர் முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. கெண்டைக்கால் பிடிச்சுக்குது. ரெண்டு நிமிஷம் நின்னா விட்டுடும்."

இரண்டு வருஷமாக இப்படித்தானாம். வாரம் தவறாமல் வாட்ஸாப்பில் பேசுகிறோம். வீடியோவில் முகம் தெரியும், கால் எங்கே தெரிகிறது? சேடா நகர் முருகன் கோயிலின் 108 படியை ஒரே மூச்சில் ஏறுகிறவர், இப்போது கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார் என்று அம்மா அப்புறம் சொன்னாள்.

நான் இருப்பது மான்செஸ்டரில். மூன்று வார லீவு. உறவினர் வீடுகள், ஒரு கல்யாணம், மாட்டுங்காவில் நல்ல காபி என்று போட்டு வைத்திருந்த திட்டமெல்லாம் போய், அப்பாவின் கால்களோடு கடை கடையாக ஏறி இறங்கியதுதான் மிச்சம். அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை வந்து 18 வருஷம். மாஹுல் பக்கம் ரிஃபைனரியில் வேலை பார்த்த காலத்தில் தினம் ஒரு பாக்கெட் சிகரெட். விட்டு 12 வருஷம் ஆகிறது. இந்த மூன்று வரியைக் கேட்டாலே ஒரு டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது.

முதல் நிறுத்தம் தெருமுனை கெமிஸ்ட். அங்கே அப்பா பழைய வாடிக்கையாளர். கடைக்காரர் என்னிடமே பெருமையாகச் சொன்னார்: "நஸ் தப் கயீ ஹை." நஸ் அமுங்கிவிட்டதாம். இதில் எனக்கு ஒரு சந்தேகம் தெளிந்தது. தமிழில் நாம் கையில் பச்சையாகத் தெரிகிற ரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். மூளையிலிருந்து சேதி கொண்டுவருவதும் நரம்பு. இந்திக்காரருக்கும் அதே கதை, இரண்டும் நஸ்தான். 'நரம்பு இழுக்குது' என்று அப்பா சொல்ல, நஸ்ஸுக்கு மாத்திரை என்று இவர் பி12 வைட்டமின் கொடுக்க, இரண்டு வருஷம் ஓடியிருக்கிறது. மாத்திரையும் தப்பென்று சொல்ல முடியாது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது உண்டு, அது குறைந்தால் கால் மரத்துப்போகும். ஆனால் அப்பாவுக்கு நடந்தால் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது. பி12 குறைந்து வருகிற நரம்புக் கோளாறு கடிகாரம் பார்த்து இப்படி வந்து போகாது.

கடைக்காரர் கூடவே முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை ஒரு ஜோடியும் கொடுத்திருந்தார், 1,400 ரூபாய். "ரத்த ஓட்டம் நல்லா ஆகும்" என்றாராம். எந்த ரத்தம், எந்தப் பக்கம் ஓடுகிற ரத்தம் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இரண்டாவது, பக்கத்து பில்டிங் மாமி சிபாரிசு செய்த இடம். மாடியில் ஒரு ஹால், இருபது நாற்காலி, ஒவ்வொன்றின் கீழும் கால் வைத்தால் அதிரும் பலகை. முதல் சில நாள் இலவசம், பிடித்தால் மெஷினையே வாங்கலாம். உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் எழுபது வயதுக்கு மேல். குஜராத்திக்காரர், மராத்திக்காரர், நம் ஆட்கள் என்று நல்ல கூட்டம், நல்ல அரட்டை. அரை மணி நேரம் கால் ஜிவ்வென்று இருந்தது என்றார் அப்பா. எழுந்து வெளியே வந்து இருநூறு தப்படி நடந்ததும் அதே கெண்டைக்கால், அதே இடம். அந்த ஹாலின் அரட்டைக்காகப் போவதென்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மெஷினுக்காக என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்றாவது ரத்தப் பரிசோதனை. இதைப் பாராட்டியே ஆக வேண்டும். இரவு பத்து மணிக்கு ஆப்பில் பதிவு செய்தேன், காலை ஆறரைக்குப் பையன் வாசலில் நிற்கிறான். ஊசி ஏற்றியது அப்பாவுக்கே தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் வாட்ஸாப்பில் பதினாறு பக்கம். மான்செஸ்டரில் இந்த வேகத்தைக் கனவிலும் காண முடியாது. ஆனால் பதினாறு பக்கத்தில் ஒரு பக்கம்கூட காலைப் பற்றி இல்லை. மூன்று மாதச் சர்க்கரை 8.4, கெட்ட கொழுப்பு அதிகம். சரி, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதைச் சொல்ல ஆள் இல்லை.

நான்காவது, பெரிய கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சர்க்கரை கிளினிக். பெயர் வேண்டாம். அங்கே நல்ல கருவி இருந்தது. இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பிரஷர் பட்டையைக் கட்டி, கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பார்கள். ஏ.பி.ஐ. என்று பெயர். ஒன்று அல்லது கொஞ்சம் மேலே இருந்தால் நல்லது. 0.90 அல்லது அதற்குக் கீழே போனால் காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு. அப்பாவுக்குக் கையில் 150, இடது கணுக்காலில் 102. ஆக 0.68. வலது காலில் 216, அதாவது 1.44. கலர் பிரிண்டைக் கையில் கொடுத்த பெண், "லெஃப்ட் கொஞ்சம் வீக், ரைட் நார்மலைவிட பெட்டர்" என்று சிரித்தாள். டாக்டர் பிரிண்டைப் பார்த்தார், மாத்திரையை மாற்றினார், அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அப்பா ஷூவோடு உள்ளே போனார், ஷூவோடு வெளியே வந்தார்.

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. எனக்கும் சர்க்கரை உண்டு. இங்கிலாந்தில் சர்க்கரைக்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை பாதப் பரிசோதனை. ரத்தக் குழாய் ஸ்கேனுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வைப்பார்கள், அது வேறு. ஆனால் அந்த நர்ஸ் சாக்ஸைக் கழற்றச் சொல்லி, உணர்ச்சி இருக்கிறதா என்று மெல்லிய நைலான் இழையால் விரல் விரலாகக் குத்தி, பாதத்தின் மேல் விரலை வைத்து நாடி பார்க்காமல் அனுப்ப மாட்டாள். இங்கே இத்தனை இடம் ஏறி இறங்கியும் ஒருவர்கூட அப்பாவின் பாதத்தைத் தொடவில்லை.

ஐந்தாவது இடம், ரத்தக் குழாய்க்கென்றே இருக்கிற சர்ஜன். கல்யாண வீட்டில் யாரோ சொன்ன பெயர். சின்ன அறை, ஏ.சி. கூட சரியாக ஓடவில்லை. ஒரு மராத்தி அம்மா, ஐம்பது வயதிருக்கும். ஃபைலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு முதல் வார்த்தையே, "காகா, மோஜே உதாரியே." அப்பா கூச்சத்தோடு சாக்ஸைக் கழற்றினார். இடது முழந்தாளின் கீழே ரோமமே இல்லை, தோல் எண்ணெய் தடவியதுபோல் பளபளவென்று இருந்தது. பெருவிரல் நகம் தடித்து மஞ்சளாக இருந்தது. பெற்ற மகள், இதுவரை பார்த்ததில்லை.

டாக்டர் தன் புறங்கையை இரண்டு காலிலும் மாற்றி மாற்றி வைத்துச் சூடு பார்த்தார். பெருவிரல் நுனியை அழுத்தி விட்டார். வெளுத்த இடம் இரண்டு மூன்று விநாடியில் சிவக்க வேண்டும். இடது காலில் நான் ஆறு வரை எண்ணினேன். புறங்காலின் நடுவிலும், உள் கணுக்காலுக்குப் பின்னால் உள்ள பள்ளத்திலும் விரல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் ரத்தம் ஓடுகிற சத்தத்தைக் கேட்க, பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவி, ஜில்லென்ற ஜெல். வலது காலில் உஷ், உஷ் என்று சத்தம் கேட்டது. இடது காலில் தூரத்தில் யாரோ பெருக்குவதுபோல ஒரு மெல்லிய இழுவை.

கேள்விகள் நாலைந்துதான். எவ்வளவு தூரத்தில் வலி வருகிறது? எப்போதும் அதே தூரமா? நின்றாலே போதுமா, உட்கார வேண்டுமா? இந்த மூன்றாவது கேள்வி முக்கியமாம். முதுகுத்தண்டில் இடுக்கம் இருந்தாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அவர்களுக்கு உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால்தான் தீரும். ரத்தம் போதாத கெண்டைக்காலுக்குச் சும்மா நின்றாலே போதும். ஜெர்மன்காரர்கள் இதற்குக் கடை வேடிக்கை நோய் என்றே பெயர் வைத்திருக்கிறார்களாம், நின்றதற்குச் சாக்காகக் கடையைப் பார்ப்பதால். அப்பா என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

வலது காலின் 1.44 'பெட்டர்' இல்லையாம். 1.40-க்கு மேல் போனால் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இரும்புக் குழாய் மாதிரி ஆகிவிட்டது, பட்டை அதை அமுக்க முடியவில்லை, அதனால் எண் பொய்யாக ஏறுகிறது என்று அர்த்தம். சர்க்கரைக்காரர்களிடமும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களிடமும் சகஜம். அப்போது கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். பார்த்தார், 84. 150-ஆல் வகுத்தால் 0.56. விரல் கணக்கில் 0.70-க்குக் கீழே வரக்கூடாது. ஆக, நல்ல கால் என்று நினைத்ததும் நல்ல கால் இல்லை.

காலுறையைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. இறுக்கு காலுறை சிரைக்கு உரியது. அதாவது காலிலிருந்து இதயத்துக்குத் திரும்புகிற ரத்தத்துக்கு. நாள் முழுக்க நின்று வேலை பார்த்து, வால்வு பழுதாகி, முறுக்கு முறுக்காகப் புடைத்து, சாயங்காலம் கால் வீங்குகிறவர்களுக்கு அது சரி. அப்பாவுக்குப் பழுது கீழே வருகிற தமனியில். வருவதே கொஞ்சம், அதையும் வெளியிலிருந்து இறுக்கினால்? பாதம் புண்ணாகலாம். ஏ.பி.ஐ. பார்க்காமல் யாரும் அதைப் போடக்கூடாது என்றார். வென்னீர்ப் பையும் வேண்டாம், மரத்த காலுக்குச் சூடு தெரியாது.

ஏன் வந்தது என்று அப்பா கேட்டார். சிகரெட், சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, வயசு என்று விரல் விட்டு எண்ணிவிட்டு, "சிகரெட்டை விட்டதனாலதான் நீங்க இன்னும் ரெண்டு காலோட வந்திருக்கீங்க" என்றார். பீடி, சிகரெட்டை விடாத சின்ன வயசுக்காரர்களிடம் சின்னச் சின்னத் தமனிகளே அடைத்து விரல் கறுக்கும் வேறொரு நோயும் உண்டாம், பர்ஜர் நோய். காலில் அடைத்த குழாய் இதயத்திலும் மூளையிலும் சும்மா இருக்காது என்று ஈ.சி.ஜி., எக்கோ எழுதினார். அன்று மதியமே ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. கன்சல்டிங், ஸ்கேன் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம்.

ஆபரேஷன் இப்போது தேவையில்லை. ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஸ்டாட்டின், இதயம் பலவீனமாக இல்லை என்று எக்கோ சொன்ன பிறகு, ரத்தக் குழாயை விரிக்கிற சிலோஸ்டசால். ஆனால் பெரிய மருந்து நடைதான் என்றார். வலி வரும் வரை நடக்க வேண்டும், கொஞ்சம் ஏறியதும் நிற்க வேண்டும், விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். 30 முதல் 45 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாளாவது, 12 வாரம். வலித்தால் நடக்கக் கூடாது என்றுதான் இரண்டு வருஷமாக அம்மா அப்பாவை வீட்டிலேயே உட்கார வைத்திருந்தாள். அது நேர் எதிர். கிடைக்கிற ரத்தத்தை வைத்து வேலை பார்க்கத் தசை பழகிக்கொள்கிறது.

எதற்கெல்லாம் உடனே ஓடி வர வேண்டும் என்றும் அம்மாவுக்குச் சொன்னார், பாதி இந்தி, பாதி சைகை. படுத்தால் பாதம் எரிந்து, கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டால் சுகமாக இருக்கிறது என்றால் வர வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண், விரலில் கறுப்பு, அதற்கும் வர வேண்டும். ஒரு கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, மரத்து, விரலை அசைக்க முடியவில்லை என்றால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் காலைக் காப்பாற்றுவது கஷ்டம். என் கணுக்காலையும் எட்டிப் பார்த்தார். ஒன்பது மணி நேர விமானத்தில் இரண்டும் லேசாக வீங்கி வடிந்திருந்தது. இரண்டும் சமமாக வீங்கி ஓரிரு நாளில் வடிந்தால் பரவாயில்லை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக வலித்தால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு மூச்சு வாங்கினால் நேரே எமர்ஜென்சிதான்.

கோயில்தான் பிரச்சினை. வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்றார் டாக்டர். அப்பாவோ படியேறாமல் விட மாட்டேன் என்கிறார். கடைசியில் ஒரு பேரம் படிந்தது: கல் சுடுவதற்கு முன் விடியற்காலையில், தடித்த பருத்தி சாக்ஸோடு ஏறலாம்; வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் கைக்கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

இப்போது ஞாயிறு தோறும் வீடியோவில் முகத்துக்கு முன்னால் பாதம் வருகிறது. ஒன்பதாவது வாரம் போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. எழுபத்தி நாலாம் படியில்தான் முதல் தடவை நின்றேன் என்றார் அப்பா. பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "அறுபத்தெட்டு."