அங்கோரா, ஏதென்ஸா, கெய்ரோவா? சிங்கப்பூரில் வாழும் இந்தியக் கடப்பிதழாளர்களுக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

சிங்கப்பூரில் வாழும் பல தமிழ்க் குடும்பங்களில் தந்தை இந்தியக் கடப்பிதழுடன் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருப்பார். தாய் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருப்பார். பிள்ளைகளிடம் சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருக்கும். விடுமுறைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியையும் அழைத்துச் செல்லலாமே என்ற பேச்சும் எழும். இப்படிப்பட்ட குடும்பம் பழம்பெரும் நாகரிகம் ஒன்றின் எச்சங்களைக் காணப் புறப்படும்போது, சலுகை மிகுந்த கடப்பிதழை வைத்துத் திட்டம் போட்டால் பாதியில் நிற்க வேண்டிவரும். சலுகை குறைந்த கடப்பிதழே நாளையும் செலவையும் தீர்மானிக்கிறது. அந்தக் கோணத்தில்தான் கம்போடியாவின் அங்கோர், கிரேக்கத்தின் ஏதென்ஸ், எகிப்தின் கெய்ரோவும் லக்சரும் ஆகிய மூன்றையும் இங்கே எடைபோடுகிறேன். எது அழகானது என்ற வாதத்துக்கு முடிவில்லை. எதை எப்போது பார்ப்பது என்ற கேள்விக்கு முடிவு உண்டு.

விசாவைப் பொறுத்தவரை அங்கோருக்கு இணையில்லை. சிங்கப்பூர்க் குடிமக்கள் கம்போடியாவில் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்போர் 30 அமெரிக்க டாலர் கட்டணத்தில் மின்விசாவை முன்கூட்டியே பெறலாம், அல்லது விமான நிலையத்தில் இறங்கியபின் வாங்கிக்கொள்ளலாம். தாத்தா பாட்டிக்கும் இதே விதிதான் என்பதால், மூன்று தலைமுறையும் ஒன்றாகப் போக வேண்டுமென்றால் வேறு எந்த ஊரைப் பற்றியும் யோசிக்கத் தேவையில்லை. விமானத்தில் வருவோர் அனைவரும் இணையத்தில் வருகைப் படிவத்தை நிரப்ப வேண்டும். விசா தேவைப்படாத பிள்ளைகளுக்கும் அது உண்டு. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் பறிக்கும் இணையத்தளங்கள் நிறைய இருப்பதால், முகவரியை ஒருமுறைக்கு இருமுறை பார்த்த பிறகே அட்டை எண்ணைத் தட்டுங்கள்.

அங்கோருக்கு அருகிலுள்ள நகரமான சியெம் ரீப்புக்குப் பயண நேரம் இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஆனால் 2023 அக்டோபரில் திறக்கப்பட்ட புதிய விமான நிலையம் நகரிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டிய கட்டாயமில்லை. பத்து நாளுக்குள் விரும்பிய மூன்று நாட்களில் பயன்படுத்தலாம். முதியவர்களோடு செல்வோருக்கு இடையில் ஒரு நாள் ஓய்வு கிடைக்கும் என்பதால் அதையே பரிந்துரைப்பேன். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை; வயதைக் காட்டக் கடப்பிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். டாலர் நோட்டுகளில் சிறு கிழிசல் இருந்தாலும் அங்கே வாங்க மறுப்பார்கள். இங்கே நாணய மாற்றுக் கடையிலேயே ஒவ்வொரு நோட்டையும் புரட்டிப் பார்த்து வாங்கிச் செல்வது நல்லது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூர்யவர்மன் விஷ்ணுவுக்காக எழுப்பிய அங்கோர் வாட்டில், பெரும்பாலானோர் சூரிய உதயத்தைப் படம் பிடித்துவிட்டு அடுத்த கோயிலுக்கு விரைகிறார்கள். கிழக்குப் பக்க மண்டபத்தில் சுமார் 49 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கப்பட்டிருக்கும் பாற்கடல் கடையும் காட்சிக்கு அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். ஒருபுறம் அசுரர், மறுபுறம் தேவர், நடுவே விஷ்ணு, அவருக்குக் கீழே மத்தைத் தாங்கும் ஆமை என்று கதை வரிசையாக விரிகிறது. அந்தக் கதையைச் சொல்லிக் கேட்ட பிள்ளைகளுக்கு வழிகாட்டி தேவைப்படாது, தாத்தா போதும். கி.பி. 967-இல் வழிபாட்டுக்கு வந்த, இளஞ்சிவப்பு மணற்கல்லால் ஆன பந்தியாய் ஸ்ரேய் கோயில் சற்றுத் தொலைவில் இருந்தாலும், அதன் நுணுக்கமான வேலைப்பாட்டுக்காகக் காலை நேரம் முழுவதையும் கொடுக்கலாம். சைவ உணவுக்காரர்கள் மட்டும், காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு சேர்ப்பது அங்கே வழக்கம் என்பதால், சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 2025-இல் தாய்லாந்து எல்லையில் மூண்ட மோதலின்போது நில எல்லைகள் மூடப்பட்டன. ஆகவே பேங்காக்கையும் சியெம் ரீப்பையும் தரைவழியாக இணைக்கும் பழைய திட்டங்களை நம்பிப் பதிவு செய்யாதீர்கள்.

ஏதென்ஸ் இதற்கு நேர்மாறானது. ஸ்கூட் விமான நிறுவனம் நேரடியாகப் பறக்கிறது. பதினொரு மணி நேரத்துக்கு மேலான ஒரே பயணத்தில் இறங்கிவிடலாம். பிள்ளைகளுக்கும் தாய்க்கும் விசா தேவையில்லை. தந்தைக்கோ ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. ஆறு முதல் பதினொரு வயது வரை 45 யூரோ. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே கொடுக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுத்தே ஆக வேண்டும். பரிசீலனைக்குச் சாதாரணமாக 15 நாள் ஆகும். சில வேளைகளில் 45 நாள் வரை நீளும். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பி வராது. எம்ப்ளாய்மென்ட் பாஸின் காலக்கெடு நெருங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு விண்ணப்பிப்பதே பாதுகாப்பானது. பயணம் முடிந்து திரும்பி வரும் நாட்டில் தங்கும் உரிமை இருக்கிறதா என்பதுதான் தூதரக அதிகாரி முதலில் பார்க்கும் விஷயம்.

தாத்தா பாட்டி விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஷெங்கன் விசாவுக்கு ஒருவர் தாம் வசிக்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. குறுகிய கால வருகையாளராகச் சிங்கப்பூரில் இருப்பவர் இங்கே விண்ணப்பிப்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து போவதற்காக என்ற விளக்கம் எடுபடும் என்று நம்பியிருக்க முடியாது. அவர்கள் ஊரிலேயே விண்ணப்பித்து, விசாவோடு வருவது நல்லது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: மூன்றாண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு ஈராண்டுப் பலமுறை நுழைவு விசா வழங்கலாம் என்று 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் தளர்த்திய விதி, இந்தியாவில் வசிப்போருக்கானது. மதுரையில் இருக்கும் தாத்தாவுக்குக் கிடைக்கும் சலுகை சிங்கப்பூரின் பொங்கோலில் இருக்கும் மகனுக்குக் கிடைக்காது.

இவ்வளவு பாடுபட்டுப் போவது தகுமா என்றால், தகும் என்பேன். ஆனால் ஜூன் விடுமுறையில் போவதை ஆதரிக்க மாட்டேன். ஏதென்ஸின் பழங்கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றில் நிழலே கிடையாது. அண்மைய ஆண்டுகளில் வெப்ப அலை வீசிய கோடை நாட்களில் அதை நண்பகல் நேரத்தில் மூடியே வைத்தார்கள். நேரம் குறித்த நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆண்டிறுதியில் தீவுகள் வெறிச்சோடியிருக்கும், மழையும் வரலாம். அக்குன்றின் பார்த்தெனான் கோயிலுக்கோ டெல்பியின் இடிபாடுகளுக்கோ அதனால் குறையொன்றும் இல்லை. குளிர்காலத்தில் பார்வை நேரம் குறைவு என்பதை மட்டும் கவனித்துக் காலையிலேயே கிளம்ப வேண்டும்.

எகிப்துக்குச் சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கும் விசா தேவை என்பதால் வீட்டில் யாருக்கும் முழுச் சலுகை இல்லை. ஆனால் இந்தியக் கடப்பிதழுக்கு அங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின் விசா செல்லுபடியாகும் நிலையில் இருந்து, அதை ஒருமுறையாவது பயன்படுத்தியும் இருந்தால், கெய்ரோவில் இறங்கியபின் விசா பெறலாம். அப்படி எதுவும் இல்லாதவர்கள் புறப்படுவதற்கு நன்கு முன்னதாகவே மின்விசாத் தளத்திலோ தூதரகத்திலோ விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த விதியை ஊன்றிப் படித்தால் பயண வரிசை தானாகவே தெளிவாகிறது. ஷெங்கன் விசாவைப் பெரும்பாலும் பயண நாட்களை ஒட்டியே கொடுக்கிறார்கள். அடுத்த ஆண்டு எகிப்துக்குப் போகும்போது அது காலாவதியாகியிருக்கும். பட்ட பாடு வீண். ஆகவே ஏதென்ஸை முடித்துக்கொண்டு அங்கிருந்தே சுமார் இரண்டு மணி நேர விமானத்தில் கெய்ரோவுக்குப் போவதுதான் கெட்டிக்காரத்தனம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தால், ஐரோப்பாவை விட்டு வெளியேறிய பிறகு அது செல்லுபடியாகுமா என்ற கேள்வி விமான நிறுவனத்தின் கவுண்டரிலேயே எழக்கூடும். பலமுறை நுழைவு கேட்டு விண்ணப்பிப்பதும், எகிப்தியத் தூதரகத்தின் பதிலை எழுத்தில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வதும் அந்தச் சிக்கலைத் தவிர்க்க உதவும்.

நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறை எகிப்துக்கு மிகவும் ஏற்ற காலம். ஜூனில் லக்சரின் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். 2025 நவம்பரில் முறைப்படி திறக்கப்பட்ட மாபெரும் எகிப்திய அருங்காட்சியகத்தில் துட்டன்காமன் கல்லறைப் பொருட்கள் முழுவதும் முதன்முறையாக ஒரே இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. அதற்கே ஒரு நாள் வேண்டும். கெய்ரோவில் மூன்று நாள், லக்சரிலிருந்து அஸ்வான் வரை நைல் நதிப் படகில் நான்கு நாள் என்பது அவசரமில்லாத அளவு. படகைத் தவிர்த்தால் செலவு குறையும், ஆனால் முதியவர்களுக்கு அலைச்சல் கூடும். சைவ உணவுக்குக் குறையில்லை. கோஷரியும் ஃபூலும் தெருவெங்கும் கிடைக்கும்.

தமிழ் வாசகர்களுக்கு எகிப்தில் வேறோர் ஈர்ப்பும் உண்டு. செங்கடற்கரையின் குசேர் அல்-காதிமில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. அதே கடற்கரையின் பெரெனிகேயில், இந்தியாவில் செய்யப்பட்ட சாடியில் ஏழு கிலோவுக்கும் மேற்பட்ட மிளகு கண்டெடுக்கப்பட்டது. ஆனால் இவை வழக்கமான சுற்றுலாப் பாதையில் இல்லை. இவற்றுக்காகப் பயணத்தை நீட்டாமல், லக்சருக்குக் கூடுதலாக ஒரு நாள் ஒதுக்குவதே மேல் என்பது என் கருத்து.

ஆக, தாத்தா பாட்டி உடன் வருகிற ஆண்டில் டிசம்பரில் அங்கோர். பெற்றோரும் பிள்ளைகளும் மட்டும் போகிற ஆண்டில் அதே விடுமுறையில் ஏதென்ஸும் கெய்ரோவும். இரண்டாவதற்கு விசா விண்ணப்பம் செப்டம்பருக்குள் போய்விட வேண்டும். பயணத்தின்போது கடப்பிதழில் ஆறு மாதத்துக்கும் குறைவான காலமே மிச்சம் இருக்குமென்றால் அதைப் புதுப்பிக்கும் வேலையை ஜூனிலேயே தொடங்குங்கள். குடும்பத்தில் நிரந்தரவாசிகள் இருந்தால், அவர்களது மறுநுழைவு அனுமதி திரும்பி வரும் தேதிக்குப் பின்னும் செல்லுபடியாகுமா என்பதை விமானச்சீட்டு வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.