இரண்டு பின்னா, மூன்று பின்னா: அசெம்பிள் செட்டும் சவுண்ட்பாரும்

ஒரு சனிக்கிழமை, ஈரத்துணியால் ஆம்ப்ளிஃபயர் மேல் தூசி துடைத்துக்கொண்டிருந்த அம்மா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "என்னடா இது, சுர்ருங்குது?" அப்போதுதான் துடைத்திருந்த தரை, வெறுங்கால். டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் ஸ்க்ரூவில் வைத்தேன். மங்கலாக எரிந்தது.

சென்னை ரிச்சி தெருவில் போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துக் கட்டிய 5.1 செட் அது. அவருக்கு ஃபோன் போட்டேன். "பிளக்கைத் திருப்பிச் செருகுங்க சார், போயிடும்" என்றார். போகத்தான் செய்தது. டெஸ்டரும் அணைந்தது. நான்கு மாதம் நிம்மதியாகப் பாட்டுக் கேட்டோம். அப்புறம் எலக்ட்ரீஷியன் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, பின்னால் தொங்கிய இரண்டு பின் பிளக்கைப் பார்த்துவிட்டுப் பேசிய பேச்சில் செட்டைப் பரணில் ஏற்றினேன், சவுண்ட்பார் வாங்கினேன். எட்டு மாதம் கழித்து சவுண்ட்பாரைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, பழைய செட்டைச் சரிசெய்து இறக்கிவிட்டேன். இரண்டையும் ஒரே ஹாலில், ஒரே டிவியோடு வைத்துப் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். என் ஓட்டு அசெம்பிள் செட்டுக்கு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

சத்தத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தனித்தனிப் பெட்டியில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும் தருவதை ஒரு நீளக் குச்சி தராது. இடமும் வயர் சிக்கலும் பார்த்தால் சவுண்ட்பார்தான் ஜெயிக்கும். மறுவிலை இரண்டுக்குமே பெரிதாக இல்லை. ரிப்பேர் என்றால் அசெம்பிள் செட்டில் போர்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். சவுண்ட்பார் என்னிடம் இருந்தது எட்டே மாதம், அதற்குள் பழுதாகவில்லை. ஐந்து வருடம் தாங்குமா என்பதற்கு என் பேச்சைச் சாட்சிக்கு வைக்காதீர்கள்.

முடிவு செய்ய வேண்டியது எர்த் விஷயத்தை, அதாவது பிளக்கின் அந்த மூன்றாவது பின்னை வைத்துத்தான்.

சவுண்ட்பாரின் பின்பக்க லேபிளிலோ அடாப்டரிலோ ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மின்சாரத்துக்கும் உங்கள் கைக்கும் நடுவே இரட்டை இன்சுலேஷன் இருக்கிறது, எர்த் தேவையில்லை என்று அர்த்தம். அதற்கு இரண்டு பின் போதும். இரும்புப் பெட்டியில் வரும் கம்பெனி ரிசீவர்கள் (ஆம்ப்ளிஃபயர்கள்) பலவற்றிலும் இதே குறி உண்டு. "கம்பெனி செட்டே ரெண்டு பின்தானே சார்" என்று மெக்கானிக்குகள் சொல்வது அதைப் பார்த்துத்தான். நம் தகரப் பெட்டிக்குள் அந்த இரண்டாவது அடுக்கு கிடையாது.

உள்ளே இருப்பது ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதன் 230 வோல்ட் சுற்றுக்கு மேல் கொஞ்சம் வார்னிஷும் காகிதமும். இரண்டு பின் பிளக்கை எப்படியும் செருகலாம் என்பதால் ஃபேஸ் (மின்சாரம் வரும் முனை) எந்த வயரில் வருகிறது என்பது அன்றன்றைக்கு உங்கள் கை செருகிய விதம். ஆன்-ஆஃப் சுவிட்ச் ஒரு வயரைத்தான் வெட்டும். அது நியூட்ரலாக (மின்சாரம் திரும்பிப் போகும் வயராக) அமைந்துவிட்டால், ஆஃப் செய்த பிறகும் டிரான்ஸ்ஃபார்மர் வரை ஃபேஸ் வந்து நிற்கும். பிளக்கைத் திருப்பியதும் சுர் நின்றதற்குக் காரணம், பெட்டிக்கு வரும் கசிவு குறைந்தது, அவ்வளவுதான். ஷோகேஸுக்குள் காற்றில்லாமல், மேலே பின்னல் துணி வேறு போர்த்தி (எங்கள் வீட்டில் அதுவும் இருந்தது), சூட்டில் வார்னிஷ் உரிந்து வயர் இரும்பைத் தொட்டால் பெட்டி முழுக்க 230 வோல்ட் ஏறும். எர்த் இருந்தால் அந்த நொடியே ஃப்யூஸ் போகும், அல்லது மின்கசிவைக் கண்டதும் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகும். எர்த் இல்லாவிட்டால், யாராவது வந்து தொடும்வரை அப்படியே இருக்கும்.

நண்பர் செட்டைத் திறந்ததும் கெபாசிட்டர்களில் மிச்சமிருந்த சார்ஜை இறக்கிவிட்டுத்தான் கை வைத்தார். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைச் செம்பு இழை சுற்றியிருந்தது. எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் 12-0-12, 5 ஆம்பியர். இரண்டு 12-ம் சேர்ந்து 24 வோல்ட், கணக்குப் போட்டால் சுமார் 120 வாட், அதாவது 230 வோல்ட் பக்கம் அரை ஆம்பியர்தான். சுவிட்ச் போடும்போது டிரான்ஸ்ஃபார்மர் ஒரு இழு இழுக்கும் என்பதால் 1 ஆம்பியர் ஸ்லோ ஃப்யூஸ் போட்டார். மூன்று கோர் வயர் வந்தது. பச்சை வயருக்கு, அதாவது எர்த்துக்கு, வளைய லக் (ஸ்க்ரூவில் மாட்டும் உலோக வளையம்) வைத்து, பெட்டியின் பெயின்ட்டை வெள்ளி தெரியும்வரை சுரண்டி, தனி ஸ்க்ரூவில் இறுக்கினார். டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டிலேயே சேர்த்து மாட்டக் கூடாதாம், அது அதிர்ந்து லூஸாகும். பச்சையை மட்டும் உள்ளே கொஞ்சம் நீளமாக விட்டார். யாராவது கால் தடுக்கி வயரை இழுத்தாலும் கடைசியாக அறுவது எர்த்தாக இருக்க வேண்டும்.

சரி, முடிந்தது என்று ஆன் செய்தால் ஸ்பீக்கரில் "ம்ம்ம்ம்" என்று ஒரே இரைச்சல். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். எர்த் பின்னைக் கழற்றினால் இரைச்சல் நிற்கும், எல்லோரும் கழற்றிவிடுகிறார்கள். நாங்கள் செட்டாப் பாக்ஸின் கேபிள் வயரைப் பிடுங்கிப் பார்த்தோம். நின்றது. வெளியிலிருந்து வரும் கேபிளின் உறை ஒரு எர்த், ஆம்ப்பின் பச்சை வயர் இன்னொரு எர்த், இரண்டையும் டிவியின் ஆடியோ வயர் இணைத்து வளையமாக்கியிருந்தது. டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிள் போட்டு, ஆம்ப் பக்கம் அதை ஆடியோவாக மாற்றும் ஒரு டிகோடர் போர்டு வைத்தோம். ஆப்டிகலில் போவது வெளிச்சம்தான், உலோகத் தொடர்பே இல்லை. இரைச்சல் போச்சு, எர்த் இருக்கிறது. ஆப்டிகல் இல்லாத பழைய டிவிக்கு ஆடியோ வயரில் உலோகத் தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் போடலாம் என்றார் நண்பர்.

இப்போது அந்த நிபந்தனை. மூன்று பின் போட்டுப் பயனில்லை, சுவரில் எர்த் இல்லாவிட்டால். எலக்ட்ரீஷியனை வைத்து மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸ்-நியூட்ரல் 230 காட்டினால் ஃபேஸ்-எர்த்தும் கிட்டத்தட்ட அதையே காட்ட வேண்டும். நியூட்ரல்-எர்த் சில வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். லோடு ஓடும்போதும் துல்லியமாகப் பூஜ்யம் என்றால் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், நியூட்ரலையே எர்த் துளைக்கு லூப் அடித்திருக்கலாம். அது எர்த்தே இல்லாததைவிட மோசம், நியூட்ரல் எங்காவது அறுந்தால் பெட்டிக்கு நேராக ஃபேஸ் வரும்.

தங்கை வாடகைக்கு இருக்கும் வீட்டில் சாக்கெட்டைக் கழற்றினால் மேலே உள்ள எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை. ஓனரிடம் சொன்னதற்கு, "அடுத்த தடவை பெயின்ட் அடிக்கும்போது பாத்துக்கலாம்மா" என்றாராம். அவளும் அசெம்பிள் செட்தான் கேட்டாள். அந்த வீட்டில் எர்த் வரும்வரை சவுண்ட்பாரே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.